மூன்று நாடு சொன்ன வாள்

அன்றைக்குக் குற்றாலத்தில் சாரலும் இல்லை, வெயிலும் இல்லை. பேரருவிக்குப் போகிற பாதையோரம் ஒரு கல்லின்மேல் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு. எண்ணெய் தேய்க்கிறவர் அவருடைய முதுகில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர் கையில் எங்கள் வீட்டு வாள் இருந்தது.

வாளை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியைப் பார்த்தார். பெரிய நிபுணர் போலிருக்கிறது என்று எனக்கு மரியாதை வந்தது. நெற்றி எண்ணெய் கண்ணுக்குள் இறங்கியதால்தான் மூடினார் என்று பிறகுதான் தெரிந்தது.

குளிக்க வந்த ஜனம் அவரைச் சுற்றிப் பத்தடி இடம் விட்டு நடந்தது. எண்ணெய் வழிய, கையில் உருவிய வாளோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் யார்தான் பக்கத்தில் போவார்கள்?

"சயாம்" என்றார் அவர்.

அதுவரை இரண்டு பேர் இரண்டு நாட்டைச் சொல்லியிருந்தார்கள். இது மூன்றாவது. இது சயாம் வாள்தான் என்றால் என் அக்கா கழுத்தில் கிடக்கிற தாலிக்கு அர்த்தம் இல்லை. அது அவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு மறு கண்ணையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொதி வந்த கதை

என் சீசன் கடையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இப்போதுதான் படிக்கத் தொடங்கியவர்களுக்காக இரண்டு வரி. தென்காசியில் விஸ்வநாதர் கோயில் பக்கம் எனக்குத் தேங்காய், பழம், சூடம் விற்கிற கடை. கோபுரம் அந்தக் காலத்தில் மொட்டையாக நிற்கும். ஆனியில் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, நல்லெண்ணெய், சீயக்காய், துண்டு, சோப்பு விற்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருநீறு பூசாமல் ஒருநாளும் கடைப்பலகையை எடுத்ததில்லை. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

அக்கா பெயர் கோமதி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் ஆறுமுகத்துக்கு ரங்கூனில் ஒரு மர டிப்போவில் வேலை. ஊருக்கு வந்து கல்யாணம் முடித்து, ஒரு வருஷம் இருந்தார். மகள் உலகம்மாள் வயிற்றில் இருக்கும்போது திரும்பக் கப்பல் ஏறினார். பிள்ளை பிறந்ததற்கு ஒரு கடிதம் வந்தது. ‘குழந்தைக்குக் காது குத்த நான் வந்துவிடுவேன்’ என்று எழுதியிருந்தார். பிறகு யுத்தம். ரங்கூனில் குண்டு விழுந்தது. அதோடு கடிதமும் நின்றது.

பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். புளியங்குடிக்காரர் ஒருவர் கால் இரண்டும் வீங்கி வந்தார். அவரிடம் விசாரித்தோம். வழியில் அத்தானைப் பார்க்கவில்லை என்றார். வேறொருவர், அத்தான் அதற்கு முன்பே மலாய்க்குக் கப்பல் ஏறிவிட்டதாகக் கேள்வி என்றார். பின்னால் கப்பலில் வந்த இன்னொருவர், ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தபோது அந்தக் கூட்டத்தில் அத்தான் முகம் போல ஒரு முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யுங்கள் என்றால் மூன்று பேருமே பின்வாங்கிவிட்டார்கள்.

மூன்று நாட்டுக்கும் எங்கள் வீட்டில் மூன்று அர்த்தம் இருந்தது. மலாய் என்றால் ஆள் இருக்கலாம், அங்கே நம் ஜனம் நிறைய. பர்மா என்றால் இரண்டும்கெட்டான் நிலை. சயாம் என்றால் யாரும் மேற்கொண்டு பேசுவதில்லை. அந்த ரயில் வேலைக்குப் போய்த் திரும்பினவரை எங்கள் பக்கத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. அதற்கும் சில வருஷம் கழித்து ஒரு புரட்டாசி மாதத்தில் அந்தப் பொதி வந்தது.

நான் கடையில் இருந்தேன். வீட்டில் அக்கா மட்டும்தான். யாரோ வெளியூர்க்காரர், கோரைப்பாயில் சுருட்டின நீளமான பொதியை வாசலில் வைத்து நின்றிருக்கிறார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறார். போய்விட்டார். பாயில் ஒரு துணித்துண்டு தைத்து, அதில் ‘ஆறுமுகம் வீடு, தென்காசி’ என்று மையால் எழுதியிருந்தது. அத்தானின் கையெழுத்து அல்ல.

நான் வந்ததும் அக்காவைத் துளைத்து எடுத்தேன். அவர் யார், எந்தக் கப்பல், யார் கொடுத்துவிட்டார்கள்? அக்கா சொன்னது இவ்வளவுதான்.

"வீரகேரளம்புதூர் போறாராம். இந்த வீட்டுல சேத்திரச் சொன்னாவன்னு குடுத்தாரு. வேற என்னத்தச் சொல்ல?"

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி வீரகேரளம்புதூருக்கு ஓடினேன். ஆள் பெயர் தெரியாது. ‘கப்பலில் வந்தவர் வீடு’ என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வீட்டைக் காட்டினார்கள். ஒரு வீட்டில் என்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து உட்கார வைத்து, காப்பி கொடுத்து, பெண்ணின் ஜாதகத்தையும் கையில் வைத்துவிட்டார்கள். காப்பியைக் குடித்துவிட்டு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாணைக்கல்

அந்த வாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர் சாமிகள் கையில் பிடித்திருக்கிற வாள் மாதிரி இல்லை. அரிவாள் மாதிரியும் இல்லை. அலகு லேசாக வளைந்திருக்கும். கைக்குத் தடுப்பு கிடையாது. பிடி உருண்டையாக ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, மேலே வெள்ளித்தகடு. உறை மரத்தில், பிரம்பால் கட்டுப் போட்டது. தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும்.

அலகில் துரு ஏறியிருந்தது. முதுகுப் பக்கம், நுனியிலிருந்து பிடி வரைக்கும், வெள்ளையாக மெல்லிய பின்னல் போல ஏதோ ஓடியது. நான் அதைக் களிம்பு என்று நினைத்தேனா, பூவேலை என்று நினைத்தேனா? இப்போது எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

வீரகேரளம்புதூரிலிருந்து வெறுங்கையோடு திரும்பின அன்றைக்கே அக்கா சொன்னாள், "சரசுவதி பூசை வருதுல்லா. துருப்பிடிச்ச இரும்பச் சாமி முன்னால வைக்கப்பிடாது. சாணைக்குக் குடுத்துட்டு வா."

எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, தேங்காய் உரிக்கிற பாரைக்கம்பி, தராசுத்தட்டு எல்லாவற்றையும் புளியும் செங்கல்தூளும் போட்டு விளக்கி, பொட்டு வைத்துத்தான் அம்பாள் முன்னால் வைப்போம். அழுக்கு இரும்பை வைத்தால் குற்றம். அக்கா சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

கோயில் பக்கம் காலால் மிதித்துச் சாணை பிடிக்கிறவர் ஒருவர் உட்காருவார். அவர் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, முதுகுல என்னமோ வேலைப்பாடு மாதிரி ஓடுதே. அதையும் எடுத்திரவா?" என்று கேட்டார்.

"துருவோட துருவா எடுத்திரும்" என்றேன்.

கல் சுழன்றது. நெருப்புப் பொறிகளுக்கு நடுவில் மெல்லிய வெள்ளை இழைகள், பட்டுச்சேலைச் சரிகை பிய்வது போல, சுருண்டு சுருண்டு மண்ணில் விழுந்தன. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூஜையன்று வாள் கண்ணாடி மாதிரி இருந்தது. நான்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அக்கா தூரத்தில் நின்று கும்பிட்டாள். அன்றைக்கும் தொடவில்லை, பிறகும் தொட்டதில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இலத்தூர்ச் சம்பந்தி கேட்டது

உலகம்மாளுக்குக் கல்யாணம் பேசுகிற காலம் வரைக்கும் வாள் பூஜை அலமாரியில் சும்மா கிடந்தது. மாப்பிள்ளை வீடு இலத்தூர். சம்பந்தி தங்கமான மனிதர். ஆனால் எதையும் நேராகக் கேட்பார்.

"பத்திரிகையில பொண்ணோட தகப்பனாருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ன்னு உண்டுமா, இல்லியா? எதுன்னாலும் எங்களுக்குச் சம்மதம். ரெண்டுல ஒண்ணச் சொல்லிருங்க. பொண்ணு மணையில இருக்கும்போது ஜனம் ஆளுக்கு ஒண்ணாப் பேசப்பிடாது, பாத்துக்கிடுங்க."

கேட்டதில் தப்பில்லை. தாய் பொட்டோடு முன்னால் நின்று ஆரத்தி எடுப்பாளா, பின்கட்டில் உட்கார்ந்திருப்பாளா? அது பெண்ணுக்கும் முக்கியம். எங்கள் உறவிலும் பெரியவர்கள் நெருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வருகிற ஆடி அமாவாசைக்கு அருவிக்கரையில் ஆறுமுகத்துக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிடு, அந்த ஆத்மா தவிக்கக் கூடாது என்றார்கள். உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளு இறைத்தால் அது எவ்வளவு பெரிய பாவம்?

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வாள் எந்த நாட்டில் செய்தது என்று தெரிந்துவிட்டால் அத்தான் கடைசியாக எங்கே இருந்தார் என்றும் தெரிந்துவிடுமே. கல்யாணம் ஆவணியில். அதற்கு முன்னால் ஒரு சீசன் இருந்தது. சீசனுக்குக் குற்றாலத்துக்கு வராத ஆள் யார்? ரங்கூன் போனவர், பினாங்கு போனவர், பட்டாளத்தில் இருந்தவர், எல்லோரும் என் கடையில்தான் எண்ணெய் வாங்கியாக வேண்டும்.

அந்த ஆனி மாதம் வாளைப் பாயில் சுருட்டிக் குற்றாலம் கொண்டுபோனேன். முதல் நாளே ஏட்டையா ஒருவர் வந்து, "என்னவே இது?" என்று கேட்டார். பூஜைச் சாமான் என்றேன். பாயை விலக்கிப் பார்த்தார். சந்தனப்பொட்டைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தேக்கும் பிரம்பும்

முதலில் அகப்பட்டவர் ரங்கூன் பிள்ளை. அப்படித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். பர்மாவில் ஒரு மரக் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். வாளை அவர் பார்க்கவே இல்லை. உறையை மூக்கில் வைத்து மோந்தார். கண் கலங்கிவிட்டது.

"ரங்கூன் தேக்குவே இது. பர்மாக்காரன் இத இடுப்புல கட்டமாட்டான், தோளுலதான் மாட்டுவான். கயிறு இருக்குது பாத்தீரா? சந்தேகமே வேண்டாம்."

அன்று சாயங்காலம் கடையைப் பாதியில் மூடிவிட்டுத் தென்காசிக்கு ஓடினேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பர்மா வாள்தானாம் அக்கா என்றேன். நிமிரவில்லை.

"கைகால் கழுவிட்டு வா. சோறு ஆறிப்போவும்" என்றாள்.

அடுத்த வாரம் மீரான் பாய் வந்தார். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தவர். அவர் அலகையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. பிரம்புக் கட்டில் நகத்தை வைத்து நெருடினார்.

மலாய்க் காட்டுப் பிரம்பு என்றார். இந்த மாதிரி முடிச்சுத் தெரியாமல் கட்டுகிறவன் வேறு எங்கும் கிடையாதாம். அவர் கடையில் சாமான் கூடைகளெல்லாம் இந்தக் கட்டுத்தானாம். அன்றைக்கும் ஓடினேன். அக்கா உலகம்மாளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மலாயாம் அக்கா என்றேன். "சும்மா இருட்டி, ஆடாத" என்று மகளைத்தான் அதட்டினாள்.

இரண்டு பேரையும் ஒருநாள் கடையில் எதிரெதிரே உட்கார வைத்தேன். அது பெரிய தப்பாகப் போயிற்று.

"நீரு துணி கிழிச்சவரு. கத்தியப் பத்தி உமக்கு என்னவே தெரியும்?" என்று தொடங்கினார் பிள்ளை.

"நீரு மட்டும் சண்டையா போட்டீரு? அடுக்கி வச்ச மரத்துக்கு நம்பர் எழுதிக்கிட்டு இருந்தீரு" என்றார் பாய். "மரத்த மோந்து பாத்து நாட்டச் சொல்லுதீரே, மரம் கப்பல்ல ஏறாதா?"

"பிரம்பு மட்டும் ஏறாதோ?"

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சீயக்காய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஒன்றாகவே அருவிக்குப் போனார்கள். நான் வாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூக்கட்டிப் பார்த்தேன்

மனுஷர் சொல்வது பிடிபடவில்லை என்றால் சாமியிடம் கேட்க வேண்டியதுதானே. குற்றாலநாதர் கோயிலில் அம்பாள் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று போனேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். மனதில் நினைத்துக்கொண்டு எடுத்தால் அம்பாள் உத்தரவு தெரிந்துவிடும்.

எனக்கு நாடு மூன்று. பூ இரண்டுதான். குருக்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, துளசியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு நாடாக நினைத்து ஒவ்வொரு பொட்டலம் கட்டினேன். அம்பாள் பாதத்தில் வைத்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

துளசி.

ஆனால் துளசியை எந்த நாட்டுக்கு நினைத்தேன்? சிவப்பு பர்மா. அது நிச்சயம். அல்லது மலாயா? துளசி கட்டும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது, திரும்பிப் பார்த்தேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. குருக்கள் முகத்தைப் பார்த்தேன். அவர் என்ன செய்வார் பாவம். இன்னொரு தடவை கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரே காரியத்தை அம்பாளிடம் இரண்டு தடவை கேட்கிற வழக்கமில்லை என்றார்.

அந்தத் துளசியைக் காதில் செருகிக்கொண்டு வந்தேன். உத்தரவு கிடைத்தாகிவிட்டது. என்ன உத்தரவு என்பதுதான் தெரியவில்லை.

எண்ணெய் மனிதர் கேட்ட கேள்வி

இனி அந்தக் கல்லுக்குத் திரும்புகிறேன். மறுநாள் ஆடி அமாவாசை. எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

எண்ணெய் மனிதருக்குப் பாளையங்கோட்டை. யுத்த காலத்தில் பட்டாள ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சயாம் வரைக்கும் போனவர். மற்ற இரண்டு பேரைப் போல இல்லை, அலகையும் பார்த்தார், பிடியையும் பார்த்தார், உறையையும் பார்த்தார். எதைப் பார்த்துச் சயாம் என்கிறீர்கள் என்று கேட்டேன். நுனி சரிந்திருக்கிற விதத்தைப் பார்த்து என்றார்.

"ஐயா, நல்லாப் பாருங்க. ஒருத்தர் பர்மாங்காரு, ஒருத்தர் மலாய்ங்காரு. எங்க வீட்டுல ஒரு பெரிய காரியம் இதுலதான் நிக்குது."

என் குரலில் என்ன தெரிந்ததோ, எண்ணெய் தேய்க்கிறவரை நிறுத்தச் சொல்லிவிட்டு வாளை மடியில் போட்டுக்கொண்டார். நிதானமாகப் பேசினார். பர்மாவுக்கும் சயாமுக்கும் நடுவில் மலைதான் இருக்கிறது. மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள், ஒரே மாதிரி வாள். வாள் கைமாறிக் கைமாறிப் போகும். பிடி உடைந்தால் ஒரு ஊரில் புதுப் பிடி போடுவார்கள். உறை போனால் இன்னொரு ஊரில் புது உறை. அதனால் மரத்தை நம்பக்கூடாது, பிரம்பை நம்பக்கூடாது. அவர் சொன்ன நுனியைக்கூட முழுசாக நம்பக்கூடாது.

"ஒண்ணே ஒண்ணத்தான்வே நம்பலாம். நல்ல வாள்னா முதுகுல வெள்ளிக்கம்பி பதிச்சு எழுதியிருப்பான். யாருடையது, யாரு குடுத்தது, எந்த ஊருன்னு."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் வாளின் முதுகைத் தடவினார். விரல் நின்றுவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"யாருவே இதச் சாணை பிடிச்சது?"

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"எழுத்து எப்படி இருந்துச்சுன்னாவது ஞாபகம் இருக்குதா? வட்ட வட்டமா இருந்தா பர்மா. வட்டத்துக்கு வால் நீட்டியிருந்தா சயாம். நம்ம பாய்மார் ஓதுத எழுத்து மாதிரி இருந்தா மலாய்."

கண்ணை மூடினேன். சாணைக்கல் சுழன்றது. வட்ட வட்டமாக, ஜாங்கிரி பிழிந்த மாதிரி, எழுத்து ஓடியது. ஆமாம், பர்மாதான். உடனே அந்த வட்டங்களுக்கு வால் முளைத்தது. பிறகு வட்டமே இல்லை, மீரான் பாய் வீட்டு நிலைவாசலில் எழுதியிருப்பது போல வளைந்து வளைந்து போயிற்று. அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் பார்த்தது போலவே இருந்தது. நிஜமாகப் பார்த்தது எது?

"வரும்போதே இப்படித்தான் இருந்துது" என்றேன். சந்தனப் பொட்டு வைத்த பொருளைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னேன்.

அவர் வாளை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். "அப்படின்னா இது பர்மாவும் இல்ல, சயாமும் இல்ல. இப்ப இது தென்காசி வாள்வே. கொண்டுபோய்க் கும்பிடும்" என்று சொல்லிவிட்டு அருவிக்கு எழுந்து போனார்.

அமாவாசையன்று

மறுநாள் அருவிக்கரை முழுக்க எள்ளும் தர்ப்பையுமாக இருந்தது. அக்காவும் என்னோடு வந்திருந்தாள். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு, முகமெல்லாம் மஞ்சளாக, என் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்று கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

நான் இரவெல்லாம் தூங்கவில்லை. எங்கள் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய உட்காருமுன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அக்கா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"என்னலே?"

"அந்த வாளுல எழுத்து இருந்துதுக்கா. நாந்தான் சாணைக்குக் குடுத்து அழிச்சிட்டேன். அத்தான் எங்கன இருக்காவன்னு அதுல இருந்திருக்கும். இனி யாராலயும் சொல்ல முடியாது."

அவள் கூந்தலைப் பிழிவதை நிறுத்தவில்லை.

"எழுத்து இருந்தது எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. அருவிச் சத்தம் வேறு. அக்கா பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கு வந்தாரே, அவரு தண்ணியக் குடிச்சிட்டுச் சொம்பத் திருப்பித் தரும்போது சொன்னாரு. ‘தாயி, முதுகுல எல்லாம் எழுதியிருக்குதாம். படிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டுங்க’ன்னு."

"என்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ படிக்க ஆள் தேடுவ. இப்பத் தேடுதியே, இந்த மாதிரி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதில் நல்ல செய்தியாக இருந்திருக்கலாமே என்றேன். மலாயில் சௌக்கியமாக இருக்கிறேன் என்றுகூட இருந்திருக்கலாமே என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல.

"உசிரோட இருக்கவிய காயிதத்துல எழுதுவாவ. இரும்புல எதுக்குலே எழுதணும்?"

பிறகு இடுப்பிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தாள். "நீ பண்ணினன்னு எவன்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. சாணைக்குக் கொண்டுபோனதுதான் நீ. அழிச்சது நான்" என்றாள்.

புரோகிதர் என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர். அம்மா வழியில் மூன்று பெயர். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் ஒழுகின.

"வேற பேர் உண்டா?" என்று புரோகிதர் கேட்டார். உறவுப் பெரியவர்கள் இரண்டு பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா அருவியைப் பார்த்தபடி ஈர விரலால் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பொட்டு.

"இல்லை" என்றேன்.

பத்திரிகையில் அத்தான் பெயரை வெறுமனே போட்டேன். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. சம்பந்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "சரி, நல்லா இருக்கு" என்றார். ஆரத்தி அக்காதான் எடுத்தாள்.

எழுதிக்கொண்டு வரும்போதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அதில் வெறும் கொல்லன் பெயர்கூட இருந்திருக்கலாம். ஏதோ ஒரு மலைஜாதி ராஜாவின் பெயராக இருந்திருக்கலாம். அத்தானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்திருக்கலாம். அனுப்பினவர் யார் என்றும் தெரியாது. நான் செய்தது பாவமா, அக்கா செய்தது பாவமா, இல்லை பாவமே இல்லையா? விஸ்வநாதர் சந்நிதியில் நின்று பல தடவை கேட்டுவிட்டேன். பூக்கட்டிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

வாள் பூஜை அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான்தான் சந்தனம் வைக்கிறேன். வைக்கும்போது என்னையறியாமல் விரல் அதன் முதுகில் ஓடும், நுனியிலிருந்து பிடி வரைக்கும். எங்கேயும் தட்டாது. வழவழவென்று இருக்கும். அக்கா தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பாள்.